பட்டமும் பச்சைக் கொழுந்தும்

பல்கலைக்கழகத்திற் புது மாணவர் வந்து சேர்ந்த முதல் வாரங்களுள் ஒரு மாலைப்பொழுதைத் தேர்ந்து, தமிழ் மாணவர்கள் கூடி ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் ஒன்றுகூடல் நடத்துவது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். தட்டிலே இரண்டு பிஸ்கற்றும் ஒரு வாழைப்பழமும் இருக்கும். குவளையிலே தேநீர் இருக்கும். புதிதாய் வந்தோர் ஒவ்வொருவராய் எழுந்து பெயர், பாடசாலை, ஊர் என்னும் மூன்றையும் சொல்லி அமர வேண்டும். அத்தகைய கூட்டமொன்றிற் பின்வரிசையில் அமர்ந்திருந்த நாம், ஒரு மாணவன் எழுந்ததைக் கண்டோம். ஒல்லியான உடல், மடிப்புக் கலையாத சட்டை. பெயரைச் சொன்னான், பாடசாலையைச் சொன்னான். "ஊர்?" என்று ஒரு குரல் வந்தது. "பதுளை" என்றான். "பதுளையில் எவ்விடம்?" என்று, வேறொன்றும் கருதாமலே, யாரோ கேட்டார்கள். அவன் சற்றுத் தயங்கினான். "டவுனுக்குக் கிட்ட" என்று சொல்லிவிட்டு அமர்ந்துகொண்டான்.

பதுளை நகருக்குக் கிட்ட என்ன இருக்கிறது? நமுனுகுல மலைச் சாரலிலிருந்து கீழ்நோக்கி விரியும் பச்சையில் தெளிவத்தை, ஸ்பிரிங்வெலி, கோணக்கலை, தெமோதரை என்று தோட்டங்களே இருக்கின்றன. பசறை வீதியிற் போனாலும் தோட்டம். பண்டாரவளை வீதியிற் போனாலும் தோட்டம். அவற்றுள் ஒன்றில், ஒரு லயத்துக் காம்பராவில், வீட்டார் யாவரும் உறங்கிய பின் விளக்கை மறைத்து வைத்துப் படித்து வந்த பிள்ளை அவன் என்பது சொல்லாமலே விளங்கிற்று. அவன் பொய் சொன்னான் என்று கூற நமக்கு மனமில்லை. மெய்யைப் பாதி வழியில் நிறுத்திக்கொண்டான், அவ்வளவே. ஆயினும் அந்த மறுபாதி ஏன் தொண்டையிற் சிக்கிக்கொண்டது என்னும் வினா அன்றிரவு முழுதும் நம்மை விடவில்லை. மாணவர் நலங்கருதிப் பல்கலைக்கழகங்களில் நடைபெறும் செயலமர்வுகளையும் ஒன்றுகூடல்களையும் மதிப்பிடுதற்கு ஓர் அளவுகோலும் அன்று நமக்குக் கிடைத்தது. வந்த பிள்ளை தன் தோட்டத்தின் பெயரைத் தயக்கமின்றிச் சொல்வதற்கு இந்தக் கூட்டம் உதவிற்றா, இல்லையா?

இதே பதுளை மண்ணில், தோட்டத்தின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே நிறுத்திக்கொண்ட ஒருவர் வாழ்ந்திருக்கிறார். 1934 ஆம் ஆண்டு பதுளைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிற் பிறந்து, பதுளை புனித பீட் கல்லூரியிற் கற்று, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராய் இருந்த ஜோசப் என்னும் இளைஞர், எழுத்துலகிற் புகுந்தபோது தெளிவத்தை ஜோசப் ஆனார். 'காலங்கள் சாவதில்லை' என்ற நாவலையும் 'நாமிருக்கும் நாடே' என்ற சிறுகதைத் தொகுதியையும் தந்தார். 2013 இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. 2022 இல் மறைந்தார். ஆங்கிலேயத் துரைமாரின் ஏடுகளில் வேறு எழுத்துக்களால் எழுதப்பட்ட அத்தோட்டத்தைத் தொழிலாளர் தம் நாவுக்கு ஏற்பத் தெளிவத்தை ஆக்கினர். ஜோசப் அதனை இலக்கியத்தில் நிலைநிறுத்தினார். அவர் பெயரைச் சொல்லும் வாய் ஒவ்வொன்றும் அத்தோட்டத்தையும் சொல்லியே ஆகவேண்டும். ஒருவருக்குப் பட்டயமாய் விளங்கிய அதே சொல், பல ஆண்டுகளின் பின் மற்றொரு பிள்ளைக்கு ஏன் தொண்டை முள்ளாய் அமைந்தது?

விடை வரலாற்றிற் கிடக்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே உள்ள தூரத்தை மைல்களால் அளக்க இயலாது, சட்டங்களால் அளக்கலாம். 1907 இல் வந்த கட்டளைச்சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் எழுத்தறிவைப் பற்றி முதன்முறை வாய் திறந்தது. 1920 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் ஆறு முதற் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட உரிமையாளர் மேற் சுமத்தியது. அவ்வயதுப் பிள்ளைகளைக் காலை பத்து மணிக்கு முன் வேலைக்கு அனுப்பலாகாது என்றும் விதித்தது. பத்து மணிக்குப் பின் அனுப்பலாம் என்பது அதன் மறுபக்கம் அன்றோ! ஓர் ஆசிரியர், ஒரு கொட்டகை, ஐந்து வகுப்பு என்பதே அக்காலத் தோட்டப் பள்ளிக்கூடம். 1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நாடெங்கும் கதவைத் திறந்தபோது, தோட்டப் பாடசாலைகள் அக்கதவுக்கு வெளியே நின்றன. 1948 இற் குடியுரிமையே பறிபோயிற்று. 1960 இல் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. 1970 களின் பிற்பகுதியிலேதான் அவை அரசாங்கத்தின் கைக்கு வரலாயின. ஊரார் பிள்ளைகளுக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இடையே முப்பது ஆண்டுகள், அதாவது ஒரு தலைமுறை, இவ்வாறு கழிந்தது.

ஆதலின் இன்று பல்கலைக்கழக வாயிலில் நிற்கும் தோட்டத்துப் பிள்ளைக்குப் பின்னே பாட்டனாரின் பட்டமுமில்லை, தந்தையின் நூலகமுமில்லை. விரிவுரையாளரிடம் எப்படிப் பேசுவது, நூலகத்தில் எதைக் கேட்பது, விண்ணப்பப் படிவத்தில் எங்கே கையொப்பமிடுவது என்பவற்றை மற்றைய பிள்ளைகள் வீட்டு முற்றத்திலேயே காதாற் கேட்டு வளர்கிறார்கள். இந்தப் பிள்ளை கேட்டு வளர்ந்தது பிரட்டு மணியையும் கொழுந்து நிறுக்கும் தராசின் கணக்கையும். அறிவிற் குறைவில்லை, வழக்கமறியாமை ஒன்றே குறை. அதனை இட்டு நிரப்புவதற்கென்றே வளாகத்துக் கூட்டங்கள் ஏற்பட்டன என்று சொன்னால் மிகையாகாது.

இக்கூட்டங்களின் தொடக்கம் நல்ல தொடக்கமே. 1942 இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இற் பேராதனைக்குப் பெயர்ந்தது. அதன் தமிழ்ச் சங்கத்தார் வெளியிட்ட 'இளங்கதிர்' என்னும் ஏடு அதற்கு முன்னரே தோன்றியது. மாணவர் எழுத்துப் பழகிய களரி அது. 1960 களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிழக்கிலங்கையின் கூத்தை வளாக மேடைக்குக் கொணர்ந்தார். 1962 இற் 'கர்ணன் போர்' அரங்கேறிற்று. பின்னர் 'இராவணேசன்' வந்தது. பின்னாளிற் பேராசிரியரான சி. மௌனகுரு அந்த மேடையில் மாணவராய் நின்று ஆடியவர். கிராமத்து வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்பட்ட ஒன்றைப் படித்தோர் இழிவென்று கருதிய காலம் அது. ஒரு மட்டக்களப்புப் பிள்ளை அந்த மேடையைக் கண்டபோது தன் ஊர் உயர்ந்தது என்று உணர்ந்திருக்கும் அல்லவா? ஒன்றுகூடல் ஒன்று செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுவே என்பது நமது துணிபு. மாணவனுக்கு நம்பிக்கை ஊட்டுகிறோம் என்று ஒருவரும் மேடையேறிச் சொல்லவில்லை. அவன் ஊரின் ஆட்டத்தை மேடையேற்றினார்கள்.

மலைநாட்டுக்கும் அவ்விதம் ஒரு முயற்சி வேறு வழியாய் வந்தது. பட்டம் பெற்று ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரிக்கு ஆசிரியராய் வந்து, பின்னர் அதன் அதிபராயும் விளங்கிய இர. சிவலிங்கம், வகுப்பறையை மட்டும் நடத்தி ஓயவில்லை. இளைஞரைக் கூட்டினார், பேசப் பழக்கினார், எழுதத் தூண்டினார். அதே 1960 களில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் வீரகேசரியுடன் சேர்ந்து நடத்திய சிறுகதைப் போட்டிகள் தோட்டத்து இளைஞர் பலரை எழுத வைத்தன. பரிசுக் கதைகள் 1971 இற் 'கதைக்கனிகள்' என்று நூலாயின. படித்தவன் மலையை விட்டு இறங்கிவிடுவான் என்று கருதிய தோட்டத்து மக்கள், படித்தவன் திரும்பி வரும் காட்சியை அன்று கண்டார்கள்.

படித்தவர் இறங்கி வருதல் என்பது உலகத்துக்குப் புதிதன்று. 1873 இற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், ஜேம்ஸ் ஸ்டுவர்ட் என்பவரின் முயற்சியால், கல்லூரிக்கு வரமுடியாத தொழிலாளரும் பெண்களும் வாழும் நகரங்களுக்கு விரிவுரையாளரை அனுப்பத் தொடங்கிற்று. 1884 இல் இலண்டனின் வறிய பகுதியான வைற்சப்பலில் டொயின்பி மண்டபம் எழுந்தது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் அங்கே சென்று குடியிருந்து, அயலாருக்குக் கற்பித்தும் அவர்களிடமிருந்து கற்றும் வாழ்ந்தனர். பின்னாளிற் பிரித்தானியப் பிரதமரான அட்லி அதன் செயலாளராய்ச் சிறிது காலம் இருந்தவர். ஆயினும் ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட்டாக வேண்டும். டொயின்பி மண்டபத்துக்குப் போன செல்வர் வீட்டு இளைஞர், வறுமையைப் பார்க்கப் போனார்கள். நம் மலையகத்து மாணவர் கருத்தரங்கு நடத்தப் போகும்போது, தம் வீட்டுக்கே போகிறார்கள்.

இக்கருத்தரங்குகளைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான தமிழ் மாணவர்கள், விடுமுறையில் ஊர் திரும்பி, உயர்தரப் பரீட்சை எழுதவிருக்கும் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி வகுப்பு நடத்துவது இன்று ஒரு மரபாகவே வேரூன்றிவிட்டது. மொறட்டுவைப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர்கள் நடத்தும் முன்னோடிப் பரீட்சையின் பெயரை அறியாத உயர்தர மாணவர் அரியர். ஊவாவில் இதன் தேவை பன்மடங்கு. உயர்தரத்திற் கணிதமும் விஞ்ஞானமும் தமிழ்மொழி மூலம் கற்கக்கூடிய பாடசாலைகள் அங்கே விரல்விட்டு எண்ணத்தக்கன. பௌதிகத்துக்கு ஆசிரியர் வந்தால் இரசாயனத்துக்கு இல்லை. இரசாயன ஆசிரியர் வரும் ஆண்டிற் பௌதிக ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார். கலைப்பிரிவு நீங்கலான பெரும்பாலான கற்கைநெறிகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி நாற்பது வீதம் அகில இலங்கைத் தகைமையாலும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்ட ஒதுக்கீட்டாலும், ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் பதினாறுக்கான தனி ஒதுக்கீட்டாலும் நிரப்பப்பட்டு வந்திருக்கிறது. பதுளை, மொனராகலை இரண்டும் அப்பதினாறில் அடங்குவன. நல்லதே. ஆனால் ஒதுக்கீடு மாவட்டத்தைப் பார்க்கிறதே ஒழிய, அதற்குள்ளிருக்கும் மலையையும் பள்ளத்தையும் பார்ப்பதில்லை. ஆய்வுகூடம் உள்ள நகரப் பாடசாலையும், சோதனைக்குழாயைப் படத்திலே மட்டும் கண்ட தோட்டப்புறப் பாடசாலையும் அதற்கு ஒன்றே. இந்த இடைவெளியில் வந்து நிற்பது மூன்றாம் வருடத்து மாணவன் ஒருவனும் அவன் கையிலிருக்கும் சுண்ணக்கட்டியுந்தான்.

ஒரு கருத்தரங்கை நாமே சென்று பார்த்தோம். பதுளை நகரத்துப் பாடசாலையொன்றின் மண்டபம். இருநூறு பிள்ளைகளுக்குக் குறையாது. காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை என்று அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். மாலைப் பொழுதில் இரசாயனம் உச்சத்தில் இருந்தது. கற்பித்த மாணவி கெட்டிக்காரி. சேதன இரசாயனத்தைக் கதை சொல்வதுபோற் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று மணியானதும் மடுல்சீமைப் பக்கத்துப் பிள்ளைகள் ஒன்பது பேர், ஒருவர் பின் ஒருவராய், ஒலியெழாமற் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து போனார்கள். ஏன் என்று வாயிலில் ஒரு சிறுமியைக் கேட்டோம். "கடைசி பஸ் போயிரும் சேர். எறங்கி இன்னும் நாலு மைலு நடக்கணும். இருட்டிட்டா அம்மா பயப்படும்" என்றாள். அன்று கடைசி இரு மணி நேரத்திற் கற்பித்த பகுதியிலிருந்து பரீட்சையில் வினா வந்ததா என்று நாம் பின்னர் விசாரிக்கவில்லை. விசாரிக்க அஞ்சினோம் என்பதே உண்மை.

குற்றம் யாருடையது? நடத்திய மாணவர்கள் நல்லவர்கள். தம் கைப்பணத்தில் தாள் அச்சிட்டு வந்தவர்கள். ஆனால் நேரசூசியை எழுதியவருக்கு மடுல்சீமைப் பாதையிற் கடைசி பஸ் எப்போது என்பது தெரிந்திருக்கவில்லை. தெரிந்த ஒருவர் அக்குழுவிலே இருந்திருந்தாலும், அவர் தம் தோட்டத்தின் பெயரைச் சொல்லாதிருந்தவராயின், அவரைக் கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியிராது. வாசகர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டத்தின் பெயரை மறைக்கும் கூச்சம் தனியொருவனின் உள்ளத்துச் சங்கதி என்று நாம் நினைக்கிறோம். அக்கூச்சத்துக்கு ஒன்பது பிள்ளைகள் இரண்டு மணி நேர இரசாயனத்தை விலையாகக் கொடுத்தார்கள்.

இனிப் பதுளையிலேயே எழுந்த பல்கலைக்கழகத்துக்கு வருவோம். பசறை வீதியில், நகருக்கு அண்மையில், ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005 இல் நிறுவப்பட்டது. நாட்டின் இயற்கை வளங்களுக்குப் பெறுமதி சேர்க்கும் கல்வி என்பதே அதன் நோக்கம். தேயிலைத் தொழினுட்பம் அங்கே ஒரு பட்டக் கல்வி. பதுளைக் கொழுந்துக்குப் பட்டம்! இதனைக் கேட்டு நாம் மகிழ்ந்தோம். ஊவாத் தேயிலையின் மணம் உலகறிந்தது. யூலை முதற் செப்டெம்பர் வரை மலை கடந்து வரும் வறண்ட காற்று இலையைச் சற்றே வாட்ட, அந்த வாட்டத்திலிருந்து தனியொரு மணம் பிறக்கிறது. அந்தக் காற்றில் உதடு வெடித்துக் கொழுந்து கிள்ளும் தாயின் மகள், அந்த மணத்தின் இரசாயனத்தை விரிவுரை மண்டபத்திற் கற்கலாம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று தாயின் விரல்கள் அறிந்ததை, மகளின் நுணுக்குக்காட்டி அறியலாம்.

ஆனால் கற்பிக்கும் மொழி ஆங்கிலம். உடன் கற்போருட் பெரும்பான்மையினர் சிங்களம் பேசுவோர். தோட்டத்து மாணவி ஒரே வேளையில் இரண்டு மொழிகளில் ஊமையாகிறாள். இங்கேதான் செயலமர்வு என்னும் சொல் பொருள் பெறுகிறது. புதுமுக மாணவருக்கான அறிமுக நிகழ்ச்சி, ஆங்கிலப் பயிற்சி, தொழில் வழிகாட்டல், மாணவர் ஆலோசகர் என்று இன்று எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் ஏற்பாடுகள் உள்ளன. அவற்றை நாம் குறைகூறவில்லை. ஆயினும் சில செயலமர்வுகளை எண்ணினாற் சிரிப்பு வருகிறது. மங்கல விளக்கேற்றல் கால் மணி. மாலை அணிவித்தல் கால் மணி. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, சிறப்புரைக்கு நன்றியுரை. வெற்றி உங்கள் கையில் என்று முழங்கிவிட்டுச் சிறப்பு விருந்தினர் வாகனமேறுவார். வெற்றி கையில் இருக்கிறதோ இல்லையோ, பிள்ளையின் கையில் நிரப்பப்படாத மகாபொல விண்ணப்பம் இருக்கும்.

நாம் கண்டவற்றுள் மிகச் சிறந்த செயலமர்வு ஒரு சிற்றறையில் நடந்தது. விளக்குமில்லை, மாலையுமில்லை. மூன்றாம் வருட மாணவிகள் இருவர், முதல் வருடத்தார் பன்னிருவருக்கு, உபகாரச் சம்பளப் படிவத்தை வரிக்கு வரி நிரப்பக் காட்டினர். வங்கிக் கணக்கு எப்படித் திறப்பது என்று சொல்லினர். ஆங்கிலக் குறிப்பொன்றை எடுத்து, அதிலுள்ள நாற்பது சொற்களைத் தெரிந்துகொண்டால் ஒரு பருவத்துப் பாடத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும் என்று அந்த நாற்பதையும் பலகையில் எழுதினர். இறுதியாக, விளங்காவிட்டால் விரிவுரையாளரிடம் போய் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ கேட்கும் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்து, பன்னிருவரையும் உரக்கச் சொல்ல வைத்தனர். அறையெங்கும் சிரிப்பு. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லக் கூசியே எத்தனையோ பிள்ளைகள் ஓர் ஆண்டை இழந்திருக்கிறார்கள்.

உபகாரச் சம்பளம் சிறிய சங்கதி அன்று. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாயிற்று. 2024 இல் 1,350 ரூபாவாயிற்று. வேலைக்குப் போன நாளுக்கே சம்பளம். மகளை வளாகத்திற் கொண்டுவந்து விட வரும் தாய், போக வர இரு நாட் சம்பளத்தை இழந்தே வருகிறாள். மகாபொலத் தொகை 5,000 ரூபாவாக இருந்து, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவாக உயர்ந்தது. அதிலிருந்து ஒரு பங்கை வீட்டுக்கு அனுப்பும் பிள்ளைகளை நாம் அறிவோம். சுற்றுலாவுக்குப் பணம் கேட்டால், "எனக்கு வேலை இருக்கிறது" என்று சொல்லி விடுதியிலே தங்கிவிடும் பிள்ளை எத்தகைய வேலையிலே இருக்கிறது என்று சங்கத்துத் தலைவர்கள் ஊகிக்க வேண்டும். பணம் பிரித்து நடத்தும் ஒன்றுகூடல், பணமில்லாதவனை வெளியே நிறுத்தும் வேலியாய் மாறிவிடுவது கண்கூடு. சில இடங்களில் முதல் வருடத்தாரிடம் பணம் வாங்குவதில்லை என்று விதி செய்திருக்கிறார்கள். அவர்களை வாழ்த்துகிறோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. அறிமுகம் என்னும் போர்வையில் நடக்கும் பகிடிவதை. பேராதனையில் 1997 இற் பொறியியல் மாணவர் ஒருவரின் உயிர் அதனாற் போயிற்று. 1998 இல் 20 ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கிற்று. சட்டத்தின் பின்னும் அது ஒழிந்தபாடில்லை. நடை, உடை, பேச்சு என்று எதையேனும் பற்றிக்கொண்டு எள்ளுவதே அதன் முறை. தோட்டத்துப் பிள்ளைக்கு அகப்படுவது பேச்சு. "எறங்கி", "வந்திருச்சு" என்று அவன் வாயில் வரும் மலையகத் தமிழைக் கேட்டுச் சிரிப்பவர் சிங்கள மாணவர் அல்லர் என்பதை வெட்கத்துடன் எழுதுகிறோம். யாழ்ப்பாணத்துத் தமிழ், மட்டக்களப்புத் தமிழ், மலையகத் தமிழ் மூன்றும் ஒரே மேசையிலமர்ந்து தேநீர் பருகும் இடம் இந்நாட்டிற் பல்கலைக்கழகத்தைத் தவிர அதிகமில்லை. அம்மேசையில் ஒரு தமிழ் தலைகுனிந்திருந்தால் அந்த ஒன்றுகூடலாற் பயனென்ன?

மாசி மாதத்திலே தோட்டங்களிற் காமன்கூத்து ஆடுகிறார்கள். மன்மதன் எரிவதையும் ரதி புலம்புவதையும் தப்பொலிக்கு நடுவே, பகலெல்லாம் மலையேறி உழைத்தவர்களே இரவெல்லாம் நின்று ஆடுகிறார்கள். கலைவிழா என்றாற் சினிமாப் பாட்டுக்கு ஆடுவது என்று எண்ணும் வளாகச் சங்கங்கள், ஓராண்டேனும் அந்தக் கூத்தை, அதனை ஆடத் தெரிந்த தோட்டத்துப் பெரியவர்களையே அழைத்து, மேடையேற்றிப் பார்க்கட்டும். தேயிலைத் தொழிற்சாலையைப் பார்வையிடப் போகும் மாணவர் கூட்டம், உலர்த்தும் இயந்திரத்தைப் பார்த்துத் தேநீர் அருந்தித் திரும்பிவிடுகிறது. இருநூறு யார் தள்ளியுள்ள லயத்துப் பக்கம் திரும்புவதில்லை. அங்கே உடன் படிக்கும் தோழியின் வீடு இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவளும் சொல்லமாட்டாள்.

"டவுனுக்குக் கிட்ட" என்று சொன்ன மாணவனை இரண்டு ஆண்டுகளின் பின் மறுபடியும் கண்டோம். கருத்தரங்குக் குழுவொன்றில் வந்திருந்தான். இம்முறை கூட்டம் நகரத்தில் நடக்கவில்லை. பசறைக்கு அப்பால், தோட்டங்களின் நடுவே உள்ள ஒரு பாடசாலையில். அவன்தான் அவ்விடத்தைத் தெரிந்தெடுத்தான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். கரும்பலகையின் மூலையில் தன் பெயரை எழுதினான். அதன் கீழே பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதினான். சற்று நின்றான். பின்னர், அதற்கும் கீழே, தோட்டத்தின் பெயரையும் அதன் பிரிவையும் எழுதினான். கூடத்திற் சலசலப்பு எழுந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "அண்ணே, கீழ்ப்பிரிவா? எங்க மாமா வீடு அங்கதான்!" என்று கூவினான். "எந்த லயம்?" என்று கேட்டான் இவன். பையன் சொன்னான். இருவரும் சிரித்தார்கள்.

அதன் பின் பாடம் தொடங்கிற்று. தொடங்குமுன் அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, "கடைசி பஸ் மூன்றரைக்கு. மூன்று மணிக்கு முடிச்சிருவோம். அதுக்குள்ள நாலு வினா செய்யணும், கொப்பிய எடுங்க" என்றான்.